இடி இடிப்பதற்குள் இரண்டாம் பாகம்

சூடேறிய பிளாஸ்டிக்குக்கு ஒரு வாசனை உண்டு. வெயிலில் நின்ற பஸ்ஸின் இருக்கையில் உட்காரும்போது வருமே, அந்த வாசனையோடு கொஞ்சம் தூசியும் கருகினால் எப்படி இருக்குமோ அப்படி. இன்றைக்கும் வீட்டில் ஏதாவதொரு சார்ஜர் அதிகமாகச் சூடாகி அந்த வாசனை எழுந்தால், என் வலது கால் தானாக ஆடத் தொடங்கிவிடுகிறது. காது சன்னல் பக்கம் திரும்பி, எங்கேயாவது இடி உருள்கிறதா என்று பார்க்கிறது. வயது நாற்பதைத் தாண்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று என் பிள்ளைகள் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். அவர்களைப் போன்ற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். காலையில் சந்தைக்கு வரும் மீன் லாரிகளின் சத்தம் ஓய்ந்ததும், கீழே மோட்டார்சைக்கிள் பட்டறைகளின் சத்தம் தொடங்கிவிடும். அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்கும் பகுதியில் வேலை செய்தார். ஒரு மாலை அவர் 'பாசார் மாலாம்' என்று நாங்கள் சொல்லும் இரவுச் சந்தையிலிருந்து, யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற வீடியோ கேம் பெட்டி ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தார். அதற்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டர் கறுப்பாக, கனமாக இருந்ததால் அதற்குச் 'செங்கல்' என்று பெயர் வைத்தோம். கொஞ்ச நேரத்திலேயே செங்கல் கொதிக்கத் தொடங்கும். தரை விரிப்பு கருகிவிடும் என்று பயந்து அம்மா அதைக் கவிழ்த்துப் போட்ட எவர்சில்வர் தட்டின் மேல் வைப்பார். நான் சொன்ன வாசனை அந்தச் செங்கலின் வாசனைதான்.

பெட்டியோடு வந்தது ஒரே ஒரு 'கேசட்'. விளையாட்டு முழுவதும் ஜப்பான் எழுத்து. மஞ்சள் போர்வை போர்த்திய ஒரு பையன் கையில் விளக்கோடு நடப்பான், படகில் ஏறுவான், எதிரே வருகிறவர்களோடு பேசுவான், பிறகு சண்டை போடுவான். யார் என்ன பேசுகிறார்கள் என்று எங்களுக்கு ஒன்றும் புரியாது. அதைப் பற்றிக் கவலைப்பட்டவர்களும் இல்லை, கலா அக்கா வரும்வரை.

கலா அக்கா எங்கள் வரிசையின் கடைசி வீடு. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். அவருடைய அம்மா தொழிற்சாலையில் பகல் 'ஷிப்ட்' போனதால், பள்ளி விடுமுறை முழுவதும் கைக்குழந்தையான தம்பி மகேனைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. இடுப்பில் பிள்ளை இருக்கும்போது 'கண்ட்ரோலை' எப்படிப் பிடிப்பது? எங்கள் முன்கூடமோ மிகச் சிறியது. விளையாடுகிறவனுக்கும் அடுத்த முறைக்குக் காத்திருக்கிறவனுக்கும்தான் இடம் என்பது நானும் மேல்மாடிச் சேகரும் போட்டிருந்த சட்டம். கலா அக்கா வாசலில் நின்று பார்ப்பார். மகேன் சிணுங்குவான். அவனைச் சமாதானப்படுத்தத்தான் அவர் ஒருநாள் திரையில் தெரிவதை எல்லாம் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். மஞ்சள் போர்வைப் பையனுக்கும் மகேன் என்றே பெயர். அவன் அப்பா கப்பலில் மூட்டை தூக்கப் போனவர், திரும்பி வரவில்லை, அவரைத் தேடித்தான் விளக்கை எடுத்துக்கொண்டு போகிறான். கொம்பு வைத்த தொப்பி போட்ட பெரிய வில்லன் இருந்தானே, சேகரும் நானும் 'தவுக்கே', அதாவது முதலாளி, என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஆள், அவன்தான் துறைமுகத்துக்குத் தீ வைத்தவன்.

குழந்தை தூங்கிவிட்டது. நாங்கள் இருவரும் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். சேகர்தான் முதலில் தள்ளி உட்கார்ந்து, "உள்ள வாங்கக்கா, காத்தாடிப் பக்கம் உக்காருங்க," என்றான். அன்றிலிருந்து சுவரில் மாட்டியிருந்த மின்காற்றாடிக்குக் கீழே இருந்த இடம் கலா அக்காவுக்கு. அவர் கதை சொல்லாவிட்டால் அந்த இடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அது தெரிந்திருந்தது. அந்த இடம் இல்லையென்றால் அவருக்குக் காரிடார்தான், இடுப்பில் பிள்ளையோடு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்க வேண்டியதுதான்.

முதல் கேசட் முடிந்தபோது கொம்பன் கடலில் விழுந்தான். நாங்கள் தெருவுக்கே கேட்கும்படி கத்தினோம்.

மறு ஆண்டின் இறுதி விடுமுறையில் அப்பா இன்னொரு கேசட் கொண்டுவந்தார். அதன் ஒட்டுத்தாளில் எங்களால் வாசிக்க முடிந்தது ஒன்றே ஒன்று: 2 என்ற எண். அது போதுமாக இருந்தது. மூவரும் படிக்கட்டில் ஓடி வந்து கூடத்தில் விழுந்தோம். நால்வரும் என்றுதான் சொல்ல வேண்டும், மகேனும் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தான். பெட்டியைப் போட்டால், முதல் படத்திலேயே மஞ்சள் போர்வைப் பையன் படகில் உட்கார்ந்திருக்கிறான். அவன் எதிரே, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கொம்பன் துடுப்புப் போடுகிறான்.

"செத்தவன் எப்படிலா வருவான்?" என்று சேகர் கேட்டான். கேம் செய்தவனே ஏமாற்றுகிறான் என்பது அவன் முடிவு.

கலா அக்கா அவசரப்படவில்லை. கடலில் விழுந்ததைத்தான் பார்த்தோம், செத்ததை யார் பார்த்தது என்றார். யாரோ வலைக்காரர்கள் தூக்கிக் காப்பாற்றியிருப்பார்கள். தண்ணீர் குடித்ததில் தான் யார் என்பதே அவனுக்கு மறந்திருக்கும். பையனுக்கு இன்னும் அது தெரியாது என்றார். "கொஞ்சம் நடக்கட்டும், பாப்போம்."

நடந்தது. நடந்துகொண்டே இருந்தது. அதுதான் எங்கள் தொல்லைக்கெல்லாம் காரணம். முதல் பாகத்தில் படகை விட்டு இறங்கியதும் சண்டை. இந்த இரண்டாம் பாகத்திலோ மணல் மேட்டில் நடக்க வேண்டும், கிணற்றடியில் நிற்கிற பெண்ணோடு பேச வேண்டும், அவள் பெட்டி பெட்டியாக ஜப்பான் எழுத்தில் ஏதோ சொல்லுவாள், பிறகு இன்னொரு ஊர், இன்னொரு கிழவர், மறுபடியும் மணல். சண்டை எப்போது வரும் என்று என் கால் ஆடும். சமையலறையிலிருந்தே அம்மாவுக்கு அது தெரிந்துவிடும். "காலாட்டாத, குடும்பத்துக்கு ஆகாது," என்பார். சாப்பாட்டுக்கு அவசரப்படுத்தினாலும் அவரிடம் ஒரு பழமொழி தயாராக இருக்கும்: "ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கக் கூடாதா?"

பொறுக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இப்போது நீங்கள் விளையாடும் விளையாட்டுகள் விட்ட இடத்தைத் தாமே நினைவில் வைத்துக்கொள்கின்றன. எங்கள் கேசட் மலிவான நகல். அதற்கு நினைவே கிடையாது. நிறுத்தினால் மறுபடியும் முதலிலிருந்துதான். அந்த மாதங்களில் பினாங்கில் காலையில் வெயில் கொளுத்தும். பிற்பகலில் மலைப்பக்கம் கறுத்து, இடி இறங்கும். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு வீட்டு டிவி இடியில் வெடித்ததிலிருந்து, முதல் முழக்கம் கேட்டதுமே அம்மா வீட்டிலுள்ள எல்லாப் 'பிளக்கையும்' பிடுங்கிவிடுவார். குளிர்சாதனப் பெட்டி, காற்றாடி, டிவி, கடைசியில் செங்கல். கெஞ்சினாலும் அழுதாலும் நடக்காது. திரை ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி அணையும். காலையிலிருந்து நடந்த நடையெல்லாம் போச்சு.

மறுநாள் மறுபடியும் படகு. மறுபடியும் கொம்பன் துடுப்புப் போடுவான். கலா அக்காவும் மறுபடி முதலிலிருந்து சொல்லுவார். ஆனால் அதே கதையைச் சொல்லமாட்டார். நேற்று வலைக்காரர்கள் தூக்கியவனை இன்றைக்குக் கிணற்றடிப் பெண் தூக்கியிருப்பாள். சேகர் விடமாட்டான். நேற்று அவளை அவனுக்குத் தெரியாது என்று சொன்னீர்களே என்பான். நேற்று அவன் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அக்கா சொல்லுவார். இப்படித்தான் எங்களுக்குள் சண்டை வளர்ந்தது. கதை வேகமாகப் போக வேண்டுமா, மெதுவாகப் போகலாமா? முதல் பாகத்தில் சொன்னதை இரண்டாம் பாகம் மாற்றலாமா? பெரியவர்கள் பேச வேண்டிய விஷயம் போலத் தெரியும். எங்களுக்கு அது தினசரிப் பிரச்சினை, ஏனென்றால் மலைப்பக்கம் ஒவ்வொரு நாளும் கறுத்தது.

அந்த நேரத்தில்தான் கோலாலம்பூரிலிருந்து என் பெரியப்பா மகன் பிரகாஷ் அண்ணன் விடுமுறைக்கு வந்தார். இடைநிலைப் பள்ளியில் படிக்கிறவர், மீசை அரும்பியிருந்தது. வந்த அன்றே எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நீங்க கேம் அடிக்கிறீங்களா, வானொலி நாடகம் கேக்குறீங்களா?" என்று கேட்டார். பேச்சு வரும் இடங்களில் ஒரு பட்டனை நகத்தால் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால், எழுத்துகள் தோன்றுவதற்குள் மறைந்துவிடும் என்று காட்டினார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'போத்தோங்'. மலாயில் வெட்டு என்று அர்த்தம். கிணற்றடிப் பெண் வாயைத் திறந்தாள். போத்தோங். கிழவர் கையைத் தூக்கினார். போத்தோங். எங்களுக்கு ஒருநாள் பிடித்த மணல்மேடு, தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அதோடு விடவில்லை. இந்தக் கதையைப் பற்றி ஏதோ ஒரு புத்தகத்தில் படித்த நண்பன் தமக்கு இருப்பதாகவும், படகில் இருப்பவன் பழைய கொம்பனே இல்லை, அவனுடைய தம்பி என்றும் சொன்னார்.

கலா அக்கா மகேனை மடியில் மாற்றி உட்காரவைத்தார். "சரி, தம்பியாவே இருக்கட்டும். அண்ணனைக் கடல்ல தள்ளுனவன் படகுல அவன் ஏன் ஏறுனான்?"

"அதெல்லாம் யாருக்கு வேணும்?"

"சண்டை மட்டும் போதும்னா முதல் கேசட்டையே போட்டுக்கலாமே. ரெண்டாவது எதுக்கு?"

பிரகாஷ் அண்ணன் சிரித்தார். சன்னல் பக்கம் கையைக் காட்டினார். "இடி வர்றதுக்குள்ள முடிக்கணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

எல்லாருமே முடிக்க வேண்டும் என்றோம். நானும்தான் சொன்னேன். என் கால் அப்படி ஆடிக்கொண்டிருந்தது.

கலா அக்கா சொல்வதை நிறுத்தினார். கதை நின்றதும் மகேன் அவர் முகத்தைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், பிறகு அழத் தொடங்கினான். முதலில் சிணுங்கல், பிறகு வீறிட்டழுகை. சத்தத்தில் விளையாட்டின் இசை கேட்கவில்லை. பிள்ளையைக் கொஞ்சம் வெளியே கொண்டுபோகும்படி பிரகாஷ் அண்ணன் மரியாதையாகத்தான் சொன்னார். கலா அக்கா எழுந்து, அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு போனார். காற்றாடிக்குக் கீழே இருந்த இடத்தில் சேகர் காலை நீட்டிக்கொண்டான்.

மறுநாள் அவர் வரவில்லை. காரிடாரில் அவர் செருப்புச் சத்தம் அந்தக் கோடிக்குப் போவதும் இந்தக் கோடிக்கு வருவதும் எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வாசலைக் கடக்கும்போது மட்டும் அந்தச் சத்தம் வேகமாகும்.

நாங்களும் வேகமாகப் போனோம். பேச்சு வந்தால் போத்தோங், நடை வந்தால் ஓட்டம், சண்டை வந்தால் பிரகாஷ் அண்ணன். இதுவரை நாங்கள் பார்க்காத பனிமலை, எரிகிற பாலம், கோபுரம் எல்லாம் கோலாலம்பூர் விரைவு பஸ்ஸின் சன்னலில் தெரிகிற ரப்பர் மரங்களைப் போலக் கடந்து போயின. மலைப்பக்கம் கறுப்பதற்குள் இந்தப் பாகத்தின் கடைசி வில்லன், கொம்பனல்லாத வேறொரு தவுக்கே, விழுந்துவிட்டான். சேகர் குதித்தான். நானும் குதித்தேன். பிரகாஷ் அண்ணன் கண்ட்ரோலைக் கீழே வைத்துவிட்டு விரல்களைச் சொடுக்கிக்கொண்டார்.

பிறகு முடிவுக் காட்சி வந்தது.

அதே படகு. இந்தத் தடவை பையன் மட்டும் அதில் உட்கார்ந்திருக்கிறான். கொம்பன் கரையில் நிற்கிறான். தன் தொப்பியைப் பையனிடம் கொடுக்கிறான். பையன் வாங்கிக்கொள்கிறான். மெல்லிய இசை. எழுத்துகள் கீழிருந்து மேலே மெதுவாக ஏறுகின்றன. பழக்கத்தில் பிரகாஷ் அண்ணன் பட்டனைத் தட்டினார். அங்கே மட்டும் அது வேலை செய்யவில்லை. படகு மெல்ல நகர்ந்தது. பையனின் கண்களுக்குக் கீழே இரண்டு நீலப் புள்ளிகள் தோன்றி இறங்கின.

"ஏன் அழுவுறான்?" என்று சேகர் கேட்டான்.

யாருக்கும் தெரியவில்லை. அப்பா கிடைத்தாரா? நடுவில் ஒரு தாடிக்காரர் வந்தாரே, அவர்தானா? கொம்பன் ஏன் படகில் ஏறவில்லை? ஏற விடவில்லையா, அவனே வேண்டாம் என்றானா? பிரகாஷ் அண்ணனின் நண்பன் இவ்வளவு தூரம் சொல்லவில்லையாம். படகு போய்க்கொண்டே இருந்தது. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வெறுங்காலோடு காரிடாரில் ஓடினேன்.

கலா அக்கா கடைசிக் கம்பியோரம் நின்றிருந்தார். மகேன் அவர் தோளில் தூங்கியிருந்தான். முடிவு வந்துவிட்டது, யாருக்கும் புரியவில்லை, வந்து சொல்லுங்கள் என்றேன். அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. எங்கள் செருப்புகளுக்கு அந்தப் பக்கம், வாசலில் நின்றபடி திரையைப் பார்த்தார். படகு சின்னதாகிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த மூவரும் திரையை விட்டுவிட்டு அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நடுவுல என்ன நடந்துச்சுன்னு நான் பாக்கலையே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தூங்குகிற பிள்ளைக்காகத் தணிந்த குரலில் சொன்னார். "இவன் ஏன் அழுவுறான்னு நான் எப்படிச் சொல்றது? நீங்கதானே பாத்தீங்க. நீங்க சொல்லுங்க."

பார்த்தவர்கள் நாங்கள்தான். பனிமலையில் யார் என்ன சொன்னார்கள், எரிகிற பாலத்தில் கொம்பன் ஏன் திரும்பிப் பார்த்தான், ஒன்றும் எங்களிடம் இல்லை. எல்லாவற்றையும் வெட்டிப் போட்டுவிட்டோம். பிரகாஷ் அண்ணன்கூட அப்போது சிரிக்கவில்லை.

மலைப்பக்கம் உருண்டது. அம்மா சமையலறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். திரை வெள்ளைப் புள்ளியாகிப் போனது.

அதற்குப் பிறகு ஓரிரு நாளில் பிரகாஷ் அண்ணன் ஊருக்குத் திரும்பினார். பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் என்னிடம் மட்டும், "அந்த அக்கா கதைய முடிச்சா எனக்கும் சொல்லு," என்றார். மறுநாள் காலை நானும் சேகரும் பெட்டியைப் போட்டோம், காற்றாடிக்குக் கீழே யாரும் உட்காரவில்லை, கதவையும் அகலமாகத் திறந்து வைத்தோம். கலா அக்கா இரண்டு தடவை வாசலைக் கடந்து போனார். மூன்றாவது தடவை நின்றார். போத்தோங் என்று யாராவது வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவேன் என்றார். சேகர் தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக் காட்டினான். படகில் கொம்பன் துடுப்புப் போட ஆரம்பித்தான்.

எங்களுக்கு எவ்வளவோ ஆசை இருந்தும் அந்த முடிவுக்கு மறுபடி போய்ச் சேர முடியவில்லை. கிணற்றடிப் பெண்ணிடம் நிற்போம், கிழவரிடம் நிற்போம், பனிமலை அடிவாரம் தெரியும்போது இடி வந்துவிடும். என் கால் ஆடுவது நிற்கவில்லை. உண்மையைச் சொன்னால் முன்பைவிட அதிகமாக ஆடியது, ஏனென்றால் இப்போது சண்டை எப்போது வரும் என்பதோடு, அவன் ஏன் அழப்போகிறான் என்றும் தெரிந்தாக வேண்டும். பள்ளி திறந்தது. அடுத்த ஆண்டு செங்கல் ஒருநாள் புகைந்து செத்துப்போனது. கலா அக்கா குடும்பம் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு மாறிப் போனது.

சில ஆண்டுகளுக்கு முன் அவரை ஜெலுத்தோங் சந்தையில் பார்த்தேன். பழைய தோழி ஒருத்தியைப் பார்க்க வந்தவரை மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து விட்டிருந்தவர் மகேன், என்னைவிட உயரம். அவருக்கு ஒன்றும் நினைவில்லை, தன் பெயரில் ஒரு பையன் விளக்கோடு நடந்தான் என்று சொன்னால் சிரிக்கிறார். நான் அக்காவிடம், கொம்பன் ஏன் கரையிலேயே நின்றுவிட்டான் என்று கேட்டேன். கீரைக்கட்டைப் பையில் வைத்தபடி, "அதுக்குள்ளதான் இடி இடிச்சிருச்சேடா," என்றார்.

இப்போது நான் பெருநிலத்திலுள்ள பத்து காவானில் வேலை முடித்துப் பாலம் தாண்டி வீட்டுக்கு வரும்போது, என் மகள் விளையாடிக்கொண்டிருப்பாள். அவளுடைய விளையாட்டில் எல்லாரும் வாய் திறந்து பேசுகிறார்கள், வேண்டிய மொழியில் எழுத்தும் வருகிறது, விட்ட இடம் அப்படியே இருக்கிறது. இடி இடித்தால் யாரும் பிளக்கைப் பிடுங்குவதில்லை. புரியாத விளையாட்டு என்று ஒன்று இல்லாததால், பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல யாரும் தேவைப்படுவதும் இல்லை. காற்றாடிக்குக் கீழே இடம் காலியாகவே இருக்கிறது. பேச்சு வந்தால் அவள் பட்டனைத் தட்டுகிறாள். அதைத் தடுக்க எனக்கு வாய் வராது. அவள் காலும் ஆடுகிறது.

நேற்று இந்தக் கதையை இவ்வளவு தூரம் அவளிடம் சொன்னேன். கண்ட்ரோலை மடியில் வைத்துவிட்டு, "அப்ப அவன் ஏன்பா அழுதான்?" என்று கேட்டாள்.

முதலிலிருந்து சொன்னால்தான் தெரியும் என்றேன். படகிலிருந்து தொடங்க வேண்டும்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

சன்னல் பக்கம் பார்த்தேன். மலைப்பக்கம் இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தது.

"இடி இடிக்கிற வரைக்கும்," என்றேன்.